கூறு போட்ட மாத்திரைகள்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை பகலில் என் மகனை உலுக்கி எழுப்பிவிட்டேன். அவனுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தவன். நான் எட்டிப் பார்த்தபோது வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தான். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரத் தாமதமானதுபோல எனக்குப் பட்டது. தோளைப் பிடித்து ஆட்டினேன்.

"சாக்கிட் ஒண்ணும் இல்லப்பா. தூக்கம். வெறும் தூக்கம்" என்று கத்திவிட்டுப் புரண்டு படுத்தான். சாக்கிட் என்றால் மலாயில் நோவு. வலி, காய்ச்சல், சீக்கு என்று நாம் தனித்தனியாகச் சொல்வதற்கெல்லாம் என் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொல் போதும்.

அடுப்படியிலிருந்து மகள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அப்பாவின் இன்ஸ்பெக்ஷன் முடிந்தது என்று அர்த்தம். இந்த வீட்டில் அது பழைய கேலி. பகலில் யாராவது தூங்கினால் நான் வாசற்படியில் நின்று அவர்கள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். இது 1957ஆம் வருஷம் ஆனி மாதத்திலிருந்து வந்த பழக்கம். இப்போது ஏழு வருஷமாகிறது. அந்த ஆனியில் நானும் மனைவியும் ஊருக்கு வந்த பயணத்தில் பிள்ளைகள் எங்களோடு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்காகப் பினாங்கிலேயே விட்டுவிட்டு வந்தோம். பிறகு இரண்டு மூன்று தடவை நடந்ததைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். தமிழில் சொல்கிற கதையை அவர்கள் பாதி வழியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அதனால் ஊரில் உள்ளவர்களுக்கு எழுதுகிறேன். புதுக்கோட்டைச் சீமையில் கடல் தாண்டிப் போன ஆள் இல்லாத கிராமம் குறைவு. அவர்கள் ஒவ்வொருவரும் திரும்பி வரும்போது ஒரு பெட்டியும் வருகிறது.

2

அந்த வருஷம் தை மாதம் எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று பினாங்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். புண் ஆறியும் விலாப்புறத்து வலி விடவில்லை. ஊருக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னதும் சீன டாக்டர் யோசித்தார். கப்பலில் வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, மார்பியா சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். அபினிலிருந்து எடுக்கும் சத்து அது.

கொடுக்கும்போது அவர் பேசியது முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வலி பொறுக்க முடியாதபோது ஒன்று. ஆறு மணி நேரத்துக்குள் இரண்டாவது கூடாது. சாராயத்தோடு கூடாது, வேறு தூக்க மருந்தோடு கூடாது. "இது வலியை மட்டும் தூங்க வைக்காது. மூச்சையும் தூங்க வைக்கும்" என்றார். வேறொருவருக்குக் கொடுக்கவே கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார். மருந்து கொடுக்கும் அறையில் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் என் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினார்கள்.

நாகப்பட்டினத்தில் சுங்க அதிகாரி அந்தப் புட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். டாக்டர் கொடுத்த காகிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் படித்து, புட்டியில் உள்ள பெயரைப் பார்த்து, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தார். ஒரு புட்டிக்கு இத்தனை விசாரணையா என்று அப்போது எரிச்சல்பட்டேன். மாத்திரையும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் அவர் பார்த்தார் என்பது பிற்பாடு விளங்கியது.

3

எங்கள் அரிமளத்தில் பெட்டி பிரிப்பது ஒரு சடங்குபோல. வந்தவனுடைய அக்காள்தான் பிரிக்கவேண்டும். உறவுக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பெட்டியில் இருப்பது எல்லாம் கூடத்துக்கு வரும். ஆட்டுக்கறியைக் கூறு போடுவதுபோல வீட்டுக்கு ஒரு கூறாகத் தரையில் வைப்பார்கள். துணி, சவுக்காரம், தைலம், பிஸ்கோத்து எல்லாம் அப்படித்தான். ஒரு வீட்டுக்குக் கூடினாலும் குறைந்தாலும் அடுத்த கப்பல் வரை பேச்சிருக்கும். பெட்டிக்காரன் பெண்டாட்டி எதையாவது எடுத்து ஒளித்தாள் என்றால் ஆயுள் முழுவதும் பேச்சு.

எங்கள் பெட்டியைப் பிரித்த அன்றைக்கு நான் ஊரில் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பு நேர்ந்துகொண்டபடி திருவரங்குளம் கோயிலுக்குப் போய் அன்றிரவு அங்கே உறவினர் வீட்டில் தங்கிவிட்டேன். பெட்டி பிரித்தது வெள்ளிக்கிழமை என்று என் மனைவி கமலம் இன்றும் சாதிப்பாள். புதன்கிழமைதான். வெள்ளிக்கிழமையில் எங்கள் ஊரில் யாரும் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்கமாட்டார்கள்.

என் அக்கா மீனாட்சி பெட்டியின் அடியிலிருந்து அந்தப் புட்டியை எடுத்தாளாம். "இது என்ன கமலம்?"

"அது அவுக மாத்திரை அண்ணி. விலா வலிக்கு."

"வலி மாத்திரையா? அதுதானே நமக்கு வேணும்."

"அவுகளுக்குன்னு டாக்டர் குடுத்தது" என்று கமலம் இழுத்திருக்கிறாள்.

சின்னம்மா ஒருத்தி சிரித்துக்கொண்டே, "புருஷன் திங்கிற மாத்திரையக்கூட எண்ணி வச்சிருக்கியாடி? இந்தப் புதுக்கோட்டைச் சீமையில இப்படி ஒரு கருமி உண்டா?" என்றாளாம். கூடம் முழுவதும் சிரித்தது. கமலம் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நானும் வாயை மூடியிருப்பேன்.

மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து ஒவ்வொரு கூறிலும் வைத்தார்கள். பெயரும் அளவும் ஒட்டிய புட்டி வெறும் பஞ்சோடு பெட்டிக்குள் திரும்பிப் போயிற்று.

4

வியாழக்கிழமை உச்சிவேளைக்குத் திரும்பி வந்தேன். பஸ் குலுக்கியதில் விலா வலித்தது. புட்டியை எடுத்தேன்.

"எல்லாருக்கும் ஒவ்வொரு பொட்டலம் வந்துச்சுங்க" என்றாள் கமலம். என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "தலைவலி மாத்திரை மாதிரிதானே?"

நான் செருப்புப் போடவில்லை. சின்னம்மா வீடு பக்கத்தில். அவள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, நேத்து குடுத்த மாத்திரைப் பொட்டலம் எங்க? யாரும் சாப்பிட்டீங்களா?"

"எங்களுக்கு எதுக்குப்பா மாத்திரை, குத்துக்கல்லாட்டம் இருக்கோம்" என்றாள். "ஒங்க மச்சான் படுற பாட்டுக்கு ஆகும்னு சாயங்காலமே மீனாட்சிகிட்டக் குடுத்துட்டு வந்தேன். கருமின்னு சொன்னதுக்குக் கோவமா?"

மச்சான் என்றது அக்காவின் புருஷன் அடைக்கலத்தை. அவருக்கு வாய்க்குள் புற்று. கன்னத்துக்குள் புண்ணாக ஆரம்பித்துத் தாடை வரைக்கும் போயிருந்தது.

அடுத்தது தையல்காரர் பெரியகருப்பன் வீடு. எனக்குப் பங்காளி முறை. "நம்ம பொட்டலத்தை அடைக்கலத்துக்கு அனுப்பிட்டேன் தம்பி" என்றார் மெஷினை நிறுத்தாமல். "வலியில கெடக்குற மனுசன் இருக்கையில நாம வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

மூன்றாவது வீட்டிலும் அதே பதில்தான். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் நிற்கவில்லை. ஊர் முழுவதும் சிதறிப் போன மாத்திரைகளைக் கூறு கூறாகத் தேடிப் பிடிக்கவேண்டுமே என்றுதான் பயந்துகொண்டு வந்தேன். அவை சிதறவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருந்த நல்ல மனசு அத்தனையையும் ஒரே ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

5

அக்கா நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. வந்த நாளிலிருந்து அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை.

"சத்தம் போடாத தம்பி. வைகாசியிலேருந்து இன்னிக்குத்தான் கண்ணசந்திருக்காக."

"எத்தனை குடுத்தே?"

"விடிஞ்சதும் ஒண்ணு. கேக்கலைன்னு இன்னொண்ணு. அப்புறம் அவுகளே எடுத்துக்கிட்டாக. வலிக்கிறவுகளுக்குத் தெரியாதா எம்புட்டு வேணும்னு?"

"எழுப்பணும்க்கா."

அவள் எழுந்து அறை வாசலில் குறுக்கே நின்றாள். "எழுப்புனியின்னா நீ எனக்குத் தம்பி இல்ல. நீ கப்பல்ல வருவே, போவே. அவுக சொவத்துல தலைய முட்டுறதை தினமும் பாக்குறவ நானு. ஒரு மணி நேரம் தூங்கட்டுமே. ஒனக்கு என்ன கேடு?"

 நான் தயங்கினேன். அக்கா சொல்வது சரியாக இருந்தால்? அது நல்ல தூக்கமாகவே இருந்தால்? எழுப்பினால் அந்த வலியை நானே திரும்பக் கொண்டுவந்து கொடுத்தவனாவேன். அறைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. குறட்டை விடுகிற மனிதன் உயிரோடு சுகமாக இருக்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்புறம் அந்தக் குறட்டை நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

அக்காவை ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன். என் மூச்சோடு அவர் மூச்சைச் சேர்த்துப் பார்த்தேன். நான் நாலைந்து தரம் விடுவதற்குள் அவர் ஒரு தரம் விட்டார். உதடு நாகப்பழம் தின்ற மாதிரி இருந்தது. இமையைத் தூக்கினேன். கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. தலைமாட்டில் பொட்டலக் காகிதங்கள் கிடந்தன. சில காலி, சில பிரிக்காதவை.

"மச்சான். மச்சான்." கன்னத்தில் தட்டினேன், புண் இல்லாத பக்கம். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தேன். வெகுநேரம் கழித்துக் கண் பாதி திறந்தது.

"மாப்ளே" என்றார். "எப்ப வந்தே? கப்பல் சொகமா வந்துச்சா?"

நான் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. திருவரங்குளம் போகும்வரை அன்றாடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அக்காவும் அதைக் கேட்டாள். கதவைப் பிடித்திருந்த அவள் கை கீழே விழுந்தது.

6

மத்தியான பஸ் போய்விட்டது. அரிசி மில் லாரி ஒன்று புதுக்கோட்டைக்குப் புறப்பட இருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் அவரை உட்கார்த்தி வைத்துக்கொண்டோம். வெறும் புட்டியோடு ஓடி வந்த கமலம் அதையும் மீந்த பொட்டலங்களையும் என் சட்டைப்பையில் திணித்தாள்.

எழுப்பக்கூடாது என்று நின்ற அக்காதான் வழி முழுவதும் அவரை எழுப்பினாள். ஈரத் துணியால் முகத்தில் அடித்தாள். பெயர் சொல்லாதவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "எந்திரிங்க. இந்தா, எந்தூரு வந்துருக்கு சொல்லுங்க."

"அக்காளும் தம்பியும் சேந்து அடிக்கிறீக" என்றார் அவர், நாக்குக் குழற. "பஞ்சாயத்துல வச்சிருவேன்." சொல்லி முடிப்பதற்குள் தலை சாய்ந்தது.

பாதி வழியில் அக்கா என் காதருகே குனிந்தாள். "தம்பி, இன்னொண்ணு இருக்கு. வெத்தலப் பெட்டியில கருப்பா ஒரு உருண்டை. சந்தையில ஒரு ஆள்கிட்ட வாங்குறது. இன்னிக்கும் கொஞ்சம் கிள்ளிக் குடுத்தேன்."

"அபினா?"

"டாக்டர்கிட்டச் சொல்லாத. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தாப் போலீசு புடிச்சுருமாம். இந்த நெலமையில அவுகள ஜெயில்லயா போடுறது?"

மார்பியாவும் அபினும் ஒரே செடியின் பால். ஒன்றின்மேல் ஒன்று. 

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மச்சானைப் படுக்கையில் ஏற்றியதும் நான் புட்டியை நீட்டினேன். அவர் அதைப் படித்தார். "இது உங்களுக்கு எழுதினது. இவருக்கு யார் கொடுத்தா?"

"ஊரே கொடுத்ததுங்க" என்றேன். அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை.

"வேற எதுவும் சாப்பிட்டாரா? மருந்து, சாராயம், எதுவா இருந்தாலும் சொல்லணும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாசலில் நின்ற காக்கிச் சட்டைச் சேவகரைப் பார்த்தாள். அவர் ஆஸ்பத்திரி ஆள்தான். அவளுக்குக் காக்கி என்றாலே போலீசு. நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அபின் போட்டாகம்மா. நாந்தான் கிள்ளிக் குடுத்தேன். புடிக்கிறதுன்னா என்னைப் புடிச்சுக்கச் சொல்லுங்க."

"எவ்வளவு? எப்போ?" என்று மட்டும் கேட்டார் டாக்டரம்மா.

"சுண்டைக்காயில பாதி. பத்து மணி இருக்கும்."

ஊசி போட்டார்கள். பிராணவாயு உருளையை உருட்டி வந்தார்கள். ஒரு நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு நிற்கும்போதெல்லாம் பெயர் சொல்லி அதட்டினார். போலீசு வரவில்லை. நாங்கள் சுவரோரம் நின்றோம். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தால் அவர் நெஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

வெயில் தாழ்ந்தபோது அவர் முனகினார். பிறகு கையைத் தூக்கித் தாடையைப் பிடித்துக்கொண்டார். வலி திரும்பிவிட்டது. அந்த முனகலைக் கேட்டு அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனிதர் வலியில் துடிக்க, நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

7

பினாங்கில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு கிழட்டுச் சீனர் இருந்தார். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பு இங்கே சர்க்காரே அபின் கடை நடத்தியது. அவர் அதன் பதிவுபெற்ற வாடிக்கைக்காரர். கடையை மூடிய பிறகு அவர் எங்கெங்கோ ஒளிந்து வாங்கினார் என்றும், ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றும் சொல்வார்கள். வாசகசாலையில் அபினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் இந்த ஏழு வருஷத்தில் படித்திருக்கிறேன். யுத்தங்களும் வியாபாரமும் நிறைய இருக்கின்றன. வலியில் கிடக்கும் ஒரு மனிதனின் வீட்டில் நல்ல மனசு என்ன செய்யும் என்று எதிலும் இல்லை.

புதுக்கோட்டையில் மறுநாள் டாக்டரம்மா சொன்னதும் அந்தப் புத்தகங்களில் இல்லை. மச்சானை ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "இவருக்கு இந்த மருந்துதான் வேணும்" என்றார்.

அக்கா பின்வாங்கினாள். "இதுதானேம்மா கொல்லப் பாத்துச்சு?"

"இதுதான். அளவு தெரியாம, இன்னொருத்தர் மாத்திரையா வந்ததால. இவர் உடம்புக்கு எவ்வளவுன்னு நாங்க பாத்துக் குறைச்ச அளவுல ஆரம்பிப்போம். வாராவாரம் வரணும். அந்த வாரத்துக்குத்தான் தருவோம். தூக்கம் ஜாஸ்தியா இருந்தா, எழுப்பி எழும்பலைன்னா, அடுத்த வேளை கொடுக்காதீங்க, உடனே இங்க கொண்டாங்க. சந்தை உருண்டை வீட்டுல இருக்கவே கூடாது. மருந்தை இவர் கை எட்டாத இடத்துல வச்சு நீங்களே எடுத்துக் கொடுக்கணும்." மீந்த பொட்டலங்களை அவரே வாங்கி எண்ணி, அழிப்பதற்கென்று எடுத்து வைத்துவிட்டார். விலா வலிக்கு எனக்கு வேறு மருந்து எழுதினார்.

"இதுக்கு எம்புட்டுச் செலவாகும்?" என்றாள் அக்கா.

"இங்க காசு வாங்குறது இல்லம்மா."

"ஏழைச் சீட்டு வேணும்பாகளே?"

"சீட்டெல்லாம் வேண்டாம். வர்றவங்களுக்குப் பாக்கத்தான் ஆஸ்பத்திரி. காலையில வரிசையில நிக்கணும், அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வைகாசியிலேயே யாரோ இந்த ஆஸ்பத்திரியச் சொன்னாக" என்றாள். அவள் ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.  தம்பி மலாயாவில் இருக்க, அக்கா தர்ம வரிசையில் நிற்கிறாள் என்று ஊர் பேசும். எனக்கு வரக்கூடிய தலைகுனிவுக்குப் பயந்து, அவள் புருஷனுக்குச் சந்தையில் அபின் வாங்கித் தந்திருக்கிறாள்.

"நான் பணம் அனுப்புறேன்க்கா. தனியா ஒரு டாக்டர்கிட்ட" என்று ஆரம்பித்தேன்.

"ஒனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு" என்றாள். 

8

மச்சான் அடுத்த வருஷம் தை மாதம் இறந்தார். நோயில்தான் இறந்தார். கடைசி வாரம் வரை ஆள் அடையாளம் தெரிந்து பேசினார் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் கப்பலேறிய பிறகு அந்த ஆறு மாதமும் பினாங்கில் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அங்கே அளவு தவறாமல் கொடுக்கிறார்களா, யாராவது மறுபடியும் அன்பாக எதையாவது கொண்டுவந்து வைத்தார்களா என்று எனக்குத் தெரிய வழியில்லை.

நான் புறப்படுவதற்கு முந்தின வாரம், ஆடி பிறந்த பிறகு, அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மச்சானைச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தோம். அக்கா வரிசையில் நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். முன்னால் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அரிமளத்துக்காரி, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி.

"என்ன மீனாட்சி, மலாயாத் தம்பியப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீ இங்கிட்டு வந்து நிக்கிறே?"

நான் தரையைப் பார்த்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"தம்பி பெட்டியில வந்தது இவுகளத் தூங்க மட்டுந்தான் வச்சுச்சு. இந்த வரிசையில குடுக்குறது தூங்கவும் வைக்குது, காலையில எழுப்பியும் விடுது. நீ முன்னால நகரு."